வீட்டு வைஃபையின் சாவி யாரிடம்? தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டு வைஃபை அடிப்படையில் ஒரு சிறிய வானொலி நிலையம். கூடத்து மூலையில் இருக்கும் ரவுட்டர் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நாள் முழுவதும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா எல்லாம் அதோடு பேசுகின்றன. அந்த அலைக்கு வீட்டின் எல்லைக்கல் தெரியாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர் தாண்டுவதற்குள் மெலிந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கல் சுவரைத் துளைத்து, மாடிப்படி இறங்கி, பக்கத்து வீட்டுத் திண்ணைவரை போகும். கம்பிவழி இணைப்பில் ஒட்டுக்கேட்க வேண்டுமானால் கம்பியைத் தொட வேண்டும். வைஃபையில் தெருவில் நின்றாலே போதும். வீட்டுக் கம்பியில்லா வலையமைப்பின் பாதுகாப்பு குறித்த எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

தருமபுரி மாவட்டத்துக்கு வீட்டு இணையம் இரண்டு அலைகளாக வந்தது. முதலில் பி.எஸ்.என்.எல். தரைவழித் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாக, தொலைபேசி இருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் மட்டும் வந்தது. பிறகு கேபிள் டிவிக்காரர்கள் கண்ணாடி இழை இழுக்கத் தொடங்கினார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், பென்னாகரம் பக்கத்து ஊர்களுக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். பள்ளிக்கூடப் பாடமும் கைபேசிக்குள் வந்தது. அதுவரை கைபேசி டேட்டாவே போதும் என்றிருந்த குடும்பங்களும் இணைப்புக்கு ஆள் அனுப்பின. இன்று மாவட்டத்தின் சிறு நகரம் எதிலாவது ஒரு தெருவில் நின்று கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால், பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வரிசையாக வந்து நிற்பதைப் பார்க்கலாம். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் நிலைமை வேறு. கைபேசி அலையே சரியாக எட்டாத இடத்தில் ஒரு வீட்டுக்கு இணைப்பு வந்தால், அது அந்த வீட்டுக்கு மட்டும் உரியதாக இருப்பது அரிது.

இந்த வலையமைப்புகளைப் பூட்டும் தொழில்நுட்பம் இன்று போதுமான வலிமையோடு இருக்கிறது. குறை பூட்டில் இல்லை; பூட்டை மாட்டிய நாளில் சாவி எப்படிச் செய்யப்பட்டது, யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதில்தான் இருக்கிறது. இணைப்பு கொடுக்க வந்தவர் வீட்டில் செலவிடும் அரைமணி நேரத்திலேயே பெரும்பாலான வீடுகளின் பாதுகாப்பு முடிவாகிவிடுகிறது.

அத்துமீறுபவர் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது ஓசி இணையம்: பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்ப்பார், இந்த வீட்டில் வேகம் குறையும். பலரும் ஆபத்து இவ்வளவுதான் என்று நினைத்து, 'போகட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இணையத்தில் ஒரு வீட்டின் முகவரி அந்த வீட்டின் இணைப்புக்கு வழங்கப்பட்ட ஐபி எண்தான். அந்த இணைப்பில் யார் எதைச் செய்தாலும் அது சந்தாதாரர் பெயரில்தான் பதிவாகும்.

இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இந்தியா 2008-இல் பார்த்தது. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, 'இந்தியன் முஜாகிதீன்' என்ற பெயரில் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதன் ஐபி எண்ணைப் பின்தொடர்ந்த காவல்துறை, நவி மும்பை சான்பாடாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்த அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய கணினிகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. அவர் திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்டார். வைஃபைக்குப் பூட்டே இல்லாமல் இருந்ததும், வேறு ஆட்கள் அதைப் பயன்படுத்தி மின்னஞ்சல் அனுப்பியதும் பிறகுதான் தெரிந்தது. அடுத்த மின்னஞ்சல் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து போனது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பு அன்று செம்பூரில் ஒரு தனியார் அலுவலகத்தின் வைஃபை பயன்பட்டது. மூன்று முறையும் ஒரே வழிதான்: பூட்டாத வைஃபையைத் தேடிப் போய், அதன் அருகில் நின்று அனுப்புவது.

இதன் பிறகு 2009 தொடக்கத்தில், திறந்த வைஃபை எங்கெங்கே இருக்கிறது என்று கருவியோடு சுற்றிப் பார்க்கப்போவதாக மும்பை காவல்துறை அறிவித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, பாதுகாப்பில்லாத வைஃபையைத் தடுக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கடவுச்சொல்லே கேட்காத வைஃபை இன்று வீடுகளில் ஏறக்குறைய இல்லாமல் போனதற்கு, தொழில்நுட்பம் வளர்ந்ததோடு அந்த மூன்று மின்னஞ்சல்களும் ஒரு காரணம்.

பூட்டின் வரலாறு நீளமானது. தேவையான அளவு மட்டும் இங்கே. வைஃபையின் அடிப்படைத் தரமான 802.11, 1997-இல் வெளியானது. அதோடு வந்த முதல் பூட்டு டபிள்யூ.இ.பி. அதன் மறையாக்கத்தில் இருந்த ஓட்டையை 2001-இல் ஃப்ளூரர், மான்ட்டின், ஷமீர் என்ற மூவர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். இடைக்கால ஏற்பாடாக 2003-இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது. 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது, ஏ.இ.எஸ். என்ற வலுவான மறையாக்கத்தைக் கொண்ட அதுதான் இன்றும் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. 2018-இல் வந்தது டபிள்யூ.பி.ஏ.3. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூ.இ.பி. என்றோ வெறும் டபிள்யூ.பி.ஏ. என்றோ இருந்தால் அதை அன்றே மாற்ற வேண்டும். டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். பழைய கைபேசிகள் இணைய மறுத்தால் 2, 3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை உதவும்.

இந்த இரண்டு தலைமுறைகளுக்கும் இடையில் உள்ள ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் கடவுச்சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். டபிள்யூ.பி.ஏ.2-இல் ஒரு கைபேசி ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் சில செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். கடவுச்சொல் அதில் நேராகப் போகாது. ஆனால் ஒரு கடவுச்சொல் சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கும் அளவுக்குத் தடயம் இருக்கும். தெருவில் நிற்பவர் அந்தப் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொண்டு போய்விடலாம். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து, கணினியை வைத்து, லட்சக்கணக்கான கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். ரவுட்டருக்கு இது தெரியவே தெரியாது. வீட்டில் யாரும் இணையாத நேரத்திலும் பல ரவுட்டர்களிடமிருந்து இப்படிப்பட்ட தடயத்தைப் பெற முடியும் என்பது 2018 ஆகஸ்ட்டில் தெரியவந்தது. டபிள்யூ.பி.ஏ.3 இந்த வழியை அடைக்கிறது: ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே நேரில் கேட்டுத்தான் சோதிக்க முடியும்.

ஆக, டபிள்யூ.பி.ஏ.2 வைத்திருக்கும் வீட்டைக் காப்பது கடவுச்சொல் ஒன்றுதான். அந்தக் கடவுச்சொல் நம் ஊர்களில் எப்படிப் பிறக்கிறது? கண்ணாடி இழையை உள்ளே இழுத்து, பெட்டியைச் சுவரில் மாட்டி, விளக்குகள் எரிந்ததும் இணைப்பு கொடுக்க வந்தவர் கேட்பார்: 'என்ன பாஸ்வேர்ட் வைக்கட்டும்?' வீட்டுக்காரர் யோசிப்பார். 'உங்க போன் நம்பரே வச்சிடட்டுமா? மறக்காது.' 'சரி, வையுங்க.' முடிந்தது. வைஃபையின் பெயராக வீட்டுப் பெரியவர் பெயரோ கடைப் பெயரோ வைக்கப்படும். அந்தப் பத்து இலக்க எண் கடையின் பெயர்ப் பலகையில் இருக்கிறது. பட்டுக்கூடு வியாபாரியின் விசிட்டிங் கார்டில் இருக்கிறது. தக்காளி மண்டியின் ரசீதில் இருக்கிறது. வாடகைக்கு வீடு உண்டு என்று காம்பவுண்டில் எழுதிய வரியின் கீழும் இருக்கிறது. கைபேசித் திரையில் கடைப் பெயரைப் பார்த்தவர், தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்தால் போதும், கணினிகூட வேண்டாம்.

பலகை இல்லாத வீட்டிலும் கணக்கு சாதகமாக இல்லை. இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில்தான் தொடங்கும். ஆகவே மொத்த வாய்ப்புகள் 400 கோடி. கேட்கப் பெரிய எண். ஆனால் கணினி விளையாட்டுக்கு விற்கப்படும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று டபிள்யூ.பி.ஏ.2 கடவுச்சொற்களை வினாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் என்ற வேகத்தில் சோதிக்க வல்லது. 400 கோடியை 20 லட்சத்தால் வகுத்தால் 2,000 வினாடி, அதாவது சுமார் 33 நிமிடம். வெளிநாட்டிலும் இதே பழக்கம் உண்டு. 2021-இல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தெருத்தெருவாகச் சுற்றி 5,000 வைஃபைகளின் தடயங்களைச் சேகரித்துச் சோதித்தார். சுமார் 70 சதவீதம் திறந்துகொண்டன. திறந்தவற்றில் பெரும்பகுதியின் கடவுச்சொல் கைபேசி எண்ணாகவே இருந்தது.

மாற்று வழி கடினமானதில்லை. வைஃபை கடவுச்சொல் 8 எழுத்திலிருந்து 63 எழுத்துவரை இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால், நினைவில் வைக்க எளிது, உடைக்கக் கடினம்: உலக்கை, தூறல், கேழ்வரகு, ஏணி, தறி என்பதுபோல. 2,000 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் நான்கு சொற்களை எடுத்தால், மேலே சொன்ன வேகத்தில் எல்லாவற்றையும் சோதிக்க மூன்று மாதம் ஆகும். ஐந்து சொற்களை எடுத்தால் 500 ஆண்டு ஆகும். ஒரு சொல் கூடுவது எவ்வளவு பெரிய வேலி என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. குலுக்கல் என்பது இங்கே முக்கியம். குலதெய்வத்தின் பெயர், பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு, நடிகர் பெயரோடு 123 என்று மனம் தானாகத் தேடிப்போகும் சொற்களை ஊகிப்பவரும் முதலில் தேடுவார்.

வலுவான கடவுச்சொல்லையும் வீணாக்கிவிடும் பக்கவாசல் ஒன்று உண்டு. அதன் பெயர் டபிள்யூ.பி.எஸ். பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைத் தந்தோ எளிதாக இணைவதற்கென்று வந்த வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்றுதான் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. மேலும் ரவுட்டர் முதல் நான்கு இலக்கங்களையும் அடுத்த பகுதியையும் தனித்தனியாகச் சரிபார்த்து, முதல் பகுதி தவறா இரண்டாம் பகுதி தவறா என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆக 10,000 முயற்சியும் 1,000 முயற்சியும் சேர்ந்து 11,000-க்குள் கதவு திறந்துவிடும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் இதை வெளியிட்டார். புதிய ரவுட்டர்கள் சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்கின்றன. பழையவை அப்படிச் செய்வதில்லை. அமைப்புப் பக்கத்தில் இந்த வசதியை அணைத்துவிடுவதே சரி.

அமைப்புப் பக்கம் (நிர்வாகப் பக்கம்) என்று ஒன்று இருப்பதையே பல வீடுகளில் யாரும் பார்த்ததில்லை. வைஃபையில் இணைந்த கைபேசியின் உலாவியில் 192.168.1.1 என்பது போன்ற எண்ணைத் தட்டினால் அது திறக்கும். எண்ணும் நுழைவுப் பெயரும் பெட்டியின் அடியில் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். சுவரில் மாட்டிய பெட்டியைக் கழற்றித் திருப்பினால்தான் அந்த ஸ்டிக்கர் கண்ணில் படும். வைஃபை கடவுச்சொல் வீட்டு வாசலின் சாவி என்றால், இந்தப் பக்கத்தின் கடவுச்சொல் வீட்டுப் பத்திரம். இது கைமாறினால் மற்றவை எல்லாம் கைமாறும். ஆனால் ஏராளமான பெட்டிகளில் இது தொழிற்சாலையில் வைத்தபடியே, பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்று கிடக்கிறது.

இதன் விலையைப் பக்கத்து மாநிலம் 2017 ஜூலையில் கண்டது. பி.எஸ்.என்.எல்.-இன் கர்நாடக வட்டத்தில் சுமார் 60,000 மோடம்கள் ஒரு தீநிரலால் முடங்கின. அத்தனையும் 'அட்மின்-அட்மின்' என்று தொழிற்சாலைக் கடவுச்சொல் மாறாமல் இருந்தவை. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இந்தத் தாக்குதலில் யாரும் தெருவில் வந்து நிற்கவில்லை. இணையத்தின் வழியாகவே மோடத்தின் நிர்வாக வாசல் தட்டப்பட்டது. ஓராண்டுக்கு முன்பு, 2016-இல், 'மிராய்' என்ற தீநிரல் அறுபதுக்கு மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் பட்டியலோடு உலகெங்கும் ரவுட்டர்களையும் கேமராக்களையும் பிடித்துப் படையாக்கி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பலவற்றைச் செயலிழக்கச் செய்தது. ஒரு வீட்டின் பெட்டி வேறு யாருக்கோ ஆயுதமாவது இப்படித்தான்.

நிர்வாகப் பக்கம் பறிபோனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. டி.என்.எஸ். என்பது இணையத்தின் முகவரிப் புத்தகம். வங்கியின் பெயரைத் தட்டினால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்வது அது. ரவுட்டரில் அந்த முகவரிப் புத்தகத்தை மாற்றி வைத்துவிட்டால், பெயரைச் சரியாகத் தட்டியவரும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். உலாவி 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கும்போது அதைத் தாண்டிப் போவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

இங்கே கேபிள்காரரின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி இழை இணைப்பில் வரும் பெட்டி பெரும்பாலும் சேவை தருபவருடையது. பழுதைத் தொலைவிலிருந்தே சரிசெய்ய வசதியாக அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை அவரே வைத்திருப்பார். இது நியாயமான தேவைதான். மலையோர ஊருக்கு ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்ப முடியாது. ஆனால் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே நிர்வாகக் கடவுச்சொல் என்றால், ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது ஊரின் எல்லாச் சாவிகளும் அவரோடு போகின்றன. இணைப்பு வாங்குபவர் நான்கு விஷயங்களைக் கேட்டுப் பெறுவது அவருடைய உரிமை: கடவுச்சொல்லைத் தானே தட்டி வைப்பது, நிர்வாகக் கடவுச்சொல் இந்தப் பெட்டிக்கு மட்டும் தனியாக இருப்பது, டபிள்யூ.பி.எஸ். அணைந்திருப்பது, இணையத்திலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வாசல் பொதுவில் மூடியிருப்பது. இதற்கு வழியில்லை என்றால் அந்தப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதற்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டுவது நல்ல தீர்வு. கூடுதல் செலவுதான், ஆனால் சாவி வீட்டில் இருக்கும்.

பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்கும் வயதாகும். 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வான்ஹூஃப், 'கிராக்' என்ற பெயரில் டபிள்யூ.பி.ஏ.2-இன் இணைப்பு முறையிலேயே ஒரு பிழையை வெளியிட்டார். கடவுச்சொல்லை மாற்றுவதால் அது தீரவில்லை. கைபேசியிலும் ரவுட்டரிலும் மென்பொருளைப் புதுப்பித்தால்தான் தீர்ந்தது. தயாரிப்பாளர் கைவிட்ட பழைய ரவுட்டருக்கு இப்படிப்பட்ட மருந்து இனி வராது. நன்றாகத்தான் ஓடுகிறது என்பதற்காக அதைத் தொடர்ந்து வைத்திருப்பது சரியான சிக்கனமாகாது.

இனி வீட்டுக்குள்ளிருந்தே கசிவது. விருந்தாளிக்குக் கடவுச்சொல் கொடுக்க மறுப்பது நம் வழக்கத்தில் இல்லை, மறுக்கவும் வேண்டியதில்லை. பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்றைத் திறக்கலாம். அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக் கணினியும் கேமராவும் கண்ணில் படாது. திருவிழா, கல்யாணம் முடிந்ததும் அதை அணைத்துவிடலாம். மலிவு விலைக் கேமரா, ஸ்மார்ட் டிவி போன்றவற்றையும் இதில் இணைத்து ஒதுக்கி வைப்பது நல்லது. லைன் வீடுகளில் உரிமையாளரின் ஒரே இணைப்பை நான்கு குடித்தனம் பகிர்ந்துகொள்வது உண்டு. அங்கே ஒருவர் காலி செய்து போகும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கைபேசியில் இணைந்த வைஃபையின் கடவுச்சொல்லைக் கியூஆர் படமாகக் காட்டும் வசதி இருப்பதால், ஒருவருக்குக் கொடுத்தது தெரு முழுக்கப் பரவ ஒரு மாலை போதும். 'இலவச வைஃபை' தருவதாகச் சொல்லும் சில செயலிகள், நிறுவியவரின் கைபேசியில் உள்ள கடவுச்சொற்களைத் தங்கள் பொதுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டுதான் மற்றவருக்குத் தருகின்றன. உண்மையிலேயே ஊருக்கு இணையம் பகிர விரும்பும் கடைக்காரருக்கு 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. அதில் உரிமம் இல்லாமலே பகிரலாம், பயன்படுத்துபவர் யார் என்ற பதிவும் இருக்கும்.

பயன் குறைந்த சில யோசனைகளும் பரவலாகச் சொல்லப்படுகின்றன. வைஃபை பெயரை மறைத்து வைப்பது தேடத் தெரிந்தவரிடம் பலிக்காது. குறிப்பிட்ட கருவிகளின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) மட்டும் அனுமதிப்பதும் அப்படியே. அந்த முகவரி அலையில் வெளிப்படையாகப் போகிறது, நகலெடுப்பது எளிது. இவற்றைச் செய்வதில் தீங்கில்லை. ஆனால் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று அறிய, நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சி நிற்பது அந்நியம். இப்போதைய கைபேசிகள் தங்கள் மேக் முகவரியை வலையமைப்புக்கு வலையமைப்பு மாற்றிக் காட்டுவதால், பெயர் தெரியாத ஒரு வரியைப் பார்த்ததும் பதற வேண்டாம். சொந்தக் கைபேசியாகவே இருக்கலாம். அந்நியம் என்று உறுதியானால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு, அதன் பிறகே எதையும் மாற்ற வேண்டும். முதலிலேயே பெட்டியை ரீசெட் செய்தால் தடயமும் அழிந்துவிடும். பிறகு நிர்வாகக் கடவுச்சொல், அடுத்து வைஃபை கடவுச்சொல், அடுத்து டி.என்.எஸ். அமைப்பு என்ற வரிசையில் சரிசெய்யலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் ரீசெட் செய்து, எல்லாவற்றையும் புதிதாக அமைக்கலாம்.

அனுமதியின்றி இன்னொருவரின் வலையமைப்பில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறையோ 5 லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பிறரது கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதற்கு 66சி பிரிவு தனியாக இருக்கிறது. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்கு நகர்கிறது. மற்ற புகார்களைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். கேபிள்காரருக்கும் எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்வது அவசியம். சிறு சேவையாளர்கள் ஒரே பொது ஐபி எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்வதால், எந்த நேரத்தில் எந்த வீடு அதைப் பயன்படுத்தியது என்பதைச் சொல்லும் பதிவேடு அவரிடம்தான் இருக்கும். அது அழிவதற்குள் கேட்டால்தான் கிடைக்கும்.